உட்கார்ந்துவிட்டவனின் கதை

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வல்லம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிற ஊர். மாட்டுப்பொங்கல் அன்றைக்கு மத்தியானம் திண்ணையில் சாய்ந்துகொண்டிருந்தபோது அண்ணன் மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பெரியப்பா பிள்ளை எனக்கு அண்ணன், அவருடைய மூத்த பையன் இவன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு அக்னிவீர் தேர்வுக்காகத் தினமும் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டான்.

"சித்தப்பா, நீங்கதான் எந்நேரமும் புக்கு படிச்சிக்கினு இருக்கீங்க. இந்தக் கமாண்டோவுக்கு ஆள் எடுக்கறப்போ இன்னா பண்ணுவாங்கன்னு தமிழ்ல எதுனா கதை இருக்கா? யூட்யூப்ல எல்லாம் இந்தியிலயே பேசறானுங்க."

இருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரிசையாகப் பெயர்களும் வந்தன. ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லப்போகும்போது, இது இல்லை, இவன் கேட்பது இது இல்லை என்று நின்றுவிட்டது. "பார்த்துச் சொல்றேன்டா" என்றேன். எதிரே கயிற்றுக் கட்டிலில் அண்ணன் படுத்திருந்தார். கண்ணைத் திறக்கவில்லை. தூங்கவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஏனென்றால் அண்ணனே போனவர். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். அதில் மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ சிறப்புப் படை ஒன்றுக்குத் தானாகவே பெயர் கொடுத்துப் போய், நான்காவது வாரத்தில் தன்னுடைய பழைய யூனிட்டுக்கே திரும்பி வந்தார். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த காரணம் முட்டி வலி. பல வருஷம் கழித்து ஒருநாள் ராத்திரி திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது, நான் எதுவும் கேட்காமலே சொன்னார். "முட்டி எல்லாம் நல்லாத்தான்டா இருந்துச்சு. உக்காந்துட்டேன்." அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிவிட்டோம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வந்ததே இல்லை.

பையனுக்குப் பதில் சொல்வதற்காக இரண்டு மாதம் படித்தேன், பார்த்தேன், ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படித்தேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது. எனக்கு ராணுவத்தைப் பற்றிப் பெரிய அபிமானமும் இல்லை, வெறுப்பும் இல்லை. நாளைக்கு நம் வீட்டுப் பையன் ஒருவன் ஒரு கதவுக்குள் போகப்போகிறான், அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நம் மொழி அவனுக்குச் சொல்லியிருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முதலில் அந்தக் கதவைப் பற்றி. 1965 போரின்போது மேஜர் மேக் சிங் என்பவர் தன்னார்வலர்களைத் திரட்டி, எல்லைக்கு அப்பால் போய்த் தாக்குவதற்காக மேக்தூத் படை என்று ஒன்றை அமைத்தார். அதன் தொடர்ச்சியாக 1966இல் ஒன்பதாவது பாரா கமாண்டோ பட்டாலியன் பிறந்தது, அடுத்த வருஷமே பத்தாவது. கடற்படையின் மார்க்கோஸ் 1987இல், விமானப்படையின் கருட் 2004இல். கறுப்புப் பூனைகள் என்று நாம் சொல்கிற தேசியப் பாதுகாப்புப் படை 1984இல். இவற்றில் பாரா சிறப்புப் படையின் தேர்வு முறை கதை எழுதுகிறவன் கவனிக்க வேண்டிய ஒன்று. யாரையும் அங்கே அனுப்புவதில்லை, அவனாகத்தான் வர வேண்டும். வந்தால் சுமார் மூன்று மாதம் தகுதிகாண் காலம். தூக்கமில்லை, சோறு எப்போது வரும் என்று தெரியாது, முதுகில் சுமை, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். எந்த நிமிஷத்திலும் "போதும்" என்று சொல்லலாம். சொன்னால் திட்டமாட்டார்கள், தண்டனை கிடையாது, பழைய யூனிட்டுக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள்.

சாதாரணப் பயிற்சியில் கதவு பூட்டியிருக்கும். ஓடிப்போனால் பிடித்துவருவார்கள். இங்கே கதவு மூன்று மாதமும் திறந்தே கிடக்கிறது. அது திறந்து கிடப்பதுதான் அங்கே நடக்கிற பெரிய வதை என்று எனக்குத் தோன்றுகிறது. பூட்டிய கதவுக்குள் இருப்பவன் அதிகாரியை வெறுத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். திறந்த கதவுக்குள் இருப்பவனுக்கு வெறுக்க வேறு ஆள் கிடையாது.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரித் தேர்வுக் கதை ஒன்று முந்நூறு வருஷமாக இருக்கிறது. தேசிங்குராஜன் கதையைக் கூத்தாகவும் பாட்டாகவும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்கும். செஞ்சிக் கோட்டை போன வருஷம் ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு நிறையப் பேர் வந்து ராஜகிரி மேல் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள், அவர்களுக்கும் தேசிங்கு பெயர் தெரிந்திருக்கும். 1714இல் ஆற்காட்டு நவாபோடு சண்டை போட்டுச் செத்தவன், அவனுடைய நண்பன் மோவுத்துக்காரன் கல்யாண மாலையோடு போருக்கு வந்தவன் என்பதெல்லாம் பிரபலம். ஆனால் கதை தொடங்குவது வேறு இடத்தில். டில்லி பாதுஷாவிடம் யாராலும் அடக்க முடியாத ஒரு குதிரை இருக்கிறது. சிற்றரசர்களை எல்லாம் வரச்சொல்லி ஏறச் சொல்கிறான். ஏறத் தெரியாதவர்களைச் சிறையில் போடுகிறான். அப்படிச் சிறையில் கிடப்பவன் தேசிங்கின் அப்பன். சின்னப் பையனான தேசிங்கு போய்க் குதிரையை அடக்கி அப்பனை மீட்கிறான்.

சின்ன வயசில் நான் தேசிங்கு பக்கம்தான் இருந்தேன், எல்லோரும் அப்படித்தான். இப்போது அந்த அப்பனைப் பற்றித்தான் யோசனை ஓடுகிறது. குதிரையிலிருந்து விழுந்து டில்லிச் சிறையில் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷம் அந்த மனுஷன் என்ன நினைத்திருப்பான்? மகன் வந்து கதவைத் திறந்தபோது சந்தோஷம் மட்டும்தான் இருந்திருக்குமா? கதை அவனை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறது. தேறியவனைப் பாடுவதும் தேறாதவனை இரண்டு வரியில் முடிப்பதும் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

சினிமாவைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஒரே ஒரு படத்தைத் தவிர. 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. எங்கள் ஊரிலிருந்து இளைஞர்கள் கும்பலாகப் போய்ப் பார்த்தார்கள், அண்ணனும் போனார். அது ஒரு காதல் கதை, ஒரு மரணத்தின் கதை. அந்த இரண்டையும் நேர்மையாகவே செய்தது என்று நினைக்கிறேன். ஒரு சாதாரண இளைஞன் எப்படி அந்த முகுந்த் ஆனான் என்பதைப் பயிற்சிக் காட்சிகளின் வேகமான தொகுப்பு ஒன்றில் கடந்துவிடுகிறது. எல்லா ராணுவப் படத்திலும் அப்படித்தான்: இசை ஏறும், கயிற்றில் ஏறுவார்கள், சேற்றில் தவழ்வார்கள், இசை முடியும்போது ஆள் தயார். எஸ்.பி.ஜனநாதனின் 'பேராண்மை' (2009) இந்த விஷயத்தில் கொஞ்சம் வேறு. ரஷ்ய எழுத்தாளர் பரீஸ் வஸீலியெவின் போர்க் குறுநாவலின் சாயலில் எடுத்த படம். பயிற்சி கொடுக்கிற துருவன் பழங்குடி, பயிற்சி எடுக்கிற பெண்களில் சிலர் அவனைச் சாதி சொல்லி இழிவுபடுத்துகிறார்கள். யார் யாருக்குக் கட்டளையிடலாம் என்ற கேள்வியைத் தமிழ்ப் பயிற்சிக் காட்சி ஒன்றில் வைத்ததற்காகவே அந்தப் படத்தின் இரண்டாம் பாதியை நான் மன்னிப்பேன்.

தவிர்க்க முடியாத படம் 'டாணாக்காரன்'. 2022 ஏப்ரலில் நேரடியாக ஓடிடியில் வந்தது. இயக்குநர் தமிழ், தானே போலீஸ் வேலையில் இருந்தவர். படம் முழுக்கப் போலீஸ் பயிற்சிப் பள்ளிக்குள்ளேயே நடக்கிறது. பயிற்சி, தேர்வு இரண்டையும் இவ்வளவு அருகில் பார்த்த தமிழ்ப் படம் வேறு இல்லை. பரேடு மைதானத்தின் தூசு, கக்கூஸ் போதாத அவலம், பூட்ஸ் சத்தம், ஒரே வார்த்தையை நூறு முறை கத்துகிற பயிற்சியாளர். லால் நடித்த ஈஸ்வரமூர்த்தி தமிழ் சினிமாவின் சிறந்த வில்லன்களில் ஒருவர். அவர் கெட்டவர் என்பதைவிட அந்த மைதானம் அவருக்குக் கொடுத்திருக்கிற அதிகாரத்துக்குத் தகுந்த அளவே இருக்கிறார் என்பதால். எண்பதுகளின் தொடக்கத்தில் தேர்வாகி, அரசியல் மாற்றத்தில் வேலை கிடைக்காமல் போய், பத்துப் பதினைந்து வருஷம் கழித்து இளவட்டங்களோடு சேர்ந்து அதே மைதானத்தில் ஓடவிடப்படுகிற நடுவயசுக்காரர்கள் இந்தப் படத்தில் வருகிறார்கள். தொப்பை விழுந்து, மூச்சு வாங்கி, பிள்ளை குட்டிகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் திரைக்கு வரும்போதெல்லாம் படம் வேறு ஒரு படமாகிவிடுகிறது.

என் குறை அங்கேதான். இயக்குநருக்கு அந்த மனிதர்களைத் தெரிந்திருக்கிறது, ஆனால் படத்தை அவர்களிடம் கொடுக்கத் தைரியம் வரவில்லை. விக்ரம் பிரபுவின் அறிவு எல்லாவற்றையும் தாங்குவான் என்பது முதல் பத்து நிமிஷத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தாங்குகிறவனின் கதையில் நாம் கை தட்டலாம், அவ்வளவுதான். தாங்க முடியாதவன் அங்கே ஏன் இருந்தான், ஏன் போகவில்லை? குடும்பம், கடன், வேலையில்லாமல் போன இத்தனை வருஷ மானம். கதவு பூட்டியிருக்கிறது, பூட்டியது வறுமை. இந்த இடத்தில் அண்ணனின் கதை இந்தப் படத்திலிருந்து விலகுகிறது. அவருக்கு ஏற்கெனவே ராணுவத்தில் சம்பளம் இருந்தது. போகாமலே இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதிகாரி கொடுமைப்படுத்துகிறான், பயிற்சியாளன் உடைகிறான் என்ற இந்த வகைக்கு உலகத்தில் பெரிய முன்மாதிரிகள் உண்டு. குப்ரிக்கின் 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்'டை நம்மில் பாதிப் பேர் முதல் பாதியோடு நிறுத்தியிருப்போம். மரியோ வர்காஸ் யோசாவின் முதல் நாவல் பெருவில் அவர் படித்த ராணுவப் பள்ளியைப் பற்றியது, 1963இல் வந்தது. இவை எல்லாமே பூட்டிய கதவின் கதைகள். திறந்த கதவின் கதையை எழுதுவது கஷ்டம், ஏனென்றால் அதில் வில்லன் கிடையாது.

ஈழத்து எழுத்துக்கு வந்தால் நிலைமை வேறு. பயிற்சி முகாமைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்கள் என்றால் அது அவர்கள்தான். காரணமும் புரிகிறது. அங்கே ஒரு தலைமுறையின் பள்ளிக்கூடமே முகாம்தான். கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985இல் வந்தது. அது காட்டுகிற முகாம்கள் வேறெங்கேயோ இல்லை, நம் தஞ்சாவூர் ஜில்லாவில், ஒரத்தநாட்டுப் பக்கத்தில் இருந்தவை. நாட்டை மீட்க வந்த பையன்கள் தங்கள் இயக்கத்தின் முகாமுக்குள்ளேயே சந்தேகத்துக்கு ஆளாகி, வதைபட்டு, கொல்லப்பட்டார்கள். நாற்பது வருஷம் கழித்துப் படிக்கும்போது மொழி சில இடங்களில் துண்டறிக்கை மாதிரி இருக்கிறது. ஆனாலும் பயிற்சி மைதானத்தில் எதிரியைவிடப் பக்கத்தில் படுத்திருப்பவன்மேல் பயம் வருகிற அந்தக் கணத்தைத் தமிழில் முதலில் எழுதியது அந்த நாவல்தான் என்பேன்.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அதே பயத்தைச் சிரிப்பாக மாற்றியது. ரொக்கிராஜ் இயக்கத்துக்குப் போகிறான், அங்கே வேறு பெயர் கிடைக்கிறது. ஊர்ச் சண்டியரான அப்பனின் பட்டப்பெயர் மட்டும் அவனை விட்டபாடில்லை. பயிற்சி என்பதே பழைய ஆளை அழித்துவிட்டுப் புது ஆளை எழுதுவது என்றால், அழிக்க முடியாத ஒரு எழுத்து மிச்சமிருக்கும் என்பதுதான் அந்த நாவலின் நகைச்சுவையும் துக்கமும். குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு' (2014) முகாமையே களமாகக் கொண்டது. உள்ளே இருந்தவர் எழுதியது. களைப்பு, பசி, தோழமை, அதிகாலை விசில். உடம்பு எப்படி மெல்ல மெல்ல வேறொருவருடைய பொருளாக மாறுகிறது என்பதை அவர் அளவுக்குப் பொறுமையாக எழுதியவர் தமிழில் வேறு யாருமில்லை. அந்தப் பொறுமைக்காக, நடுநடுவே நீளும் தத்துவப் பேச்சுகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல், அவர் இறந்த பிறகு வந்தது. 1991இல் இயக்கத்தில் சேர்ந்தவர். நாவல் இல்லை, தன்வரலாறு. அதிலும் சேர்வது எளிது, வெளியே வருவதுதான் முடியாதது. அந்த வருஷம்தான் இயக்கம் சார்ள்ஸ் அன்ரனி சிறப்புப் படையணியை உருவாக்கி, மரபு வழிப் போருக்கு ஆட்களைத் தேர்ந்து பழக்கத் தொடங்கியது. விலகியவன் அங்கே வெறும் தேறாதவன் இல்லை. அவனுக்கு வேறு சொல் இருந்தது, அந்தச் சொல்லுக்குத் தண்டனையும் இருந்தது. இவற்றையெல்லாம் நான் பையனிடம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அவன் கேட்டதற்கு இவை பதிலாகா.

நடுவில் ஒரு புத்தகம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ச.பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004). வீரப்பனைப் பிடிப்பதற்காக 1993 வாக்கில் தமிழ்நாடும் கர்நாடகமும் அமைத்த அதிரடிப் படைகள், மாதேஸ்வரன் மலையில் 'ஒர்க் ஷாப்' என்று அழைக்கப்பட்ட வதைக்கூடம், அதற்குள் கொண்டுபோகப்பட்ட சோளகர்கள். பிறகு தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்து, 2007இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் வழங்கச் சொன்னது. இந்த எண்களை வெறும் எண்களாகப் படித்துவிட முடியாதபடி மாதி என்கிற பெண்ணை அந்த நாவல் நம் முன்னால் நிறுத்துகிறது.

கல்லூரியில் படித்தபோது இதை எதிர்ப்பு இலக்கியமாகப் படித்தேன். இந்த முறை படித்தபோது கேள்வி வேறு மாதிரி வந்தது. அந்தக் காக்கி, பச்சைச் சட்டைகளுக்குள் இருந்தவர்கள் யார்? தேர்வாகி வந்தவர்கள். ஓடிக் காட்டியவர்கள், தாங்கிக் காட்டியவர்கள். ஏரிக்கரையில் நம் பையனைப் போல விடியற்காலை எழுந்தவர்கள். ஒருவனுடைய உடம்பு வலியைப் பொருட்படுத்தாமல் இருக்கும்படி ஆறு மாதம் பழக்கினால், அடுத்தவர் உடம்பின் வலியை அவன் என்ன செய்வான்? 'சோளகர் தொட்டி' இதைக் கேட்பதில்லை. அது அந்த நாவலின் வேலையும் இல்லை, அது அடிபட்டவர்களின் பக்கம் நின்று எழுதப்பட்டது, அப்படித்தான் இருக்க வேண்டும். கேட்க வேண்டியவர்கள் நாம். வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் (2023) அந்தக் கேள்வியின் ஓரத்தைத் தொட்டது. மலைமேல் முகாமிட்ட சிறப்புப் படையில் டிரைவர் குமரேசன், கரடி தாக்கிய ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறான். அதற்காக மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள். கேட்க மறுக்கிறான். தமிழ் சினிமாவில் நான் பார்த்த மிக நல்ல 'தேறாதவன்' குமரேசன்தான். அந்தப் படைக்கு என்ன தகுதி வேண்டுமோ அது அவனிடம் இல்லை, இல்லாததால்தான் அவனை நமக்குப் பிடிக்கிறது. சூரியின் முகத்தில் அந்தப் பிடிவாதம் முட்டாள்தனம் மாதிரியே தெரிவது படத்தின் பலம்.

தமிழ்நாட்டிலிருந்து இந்திய ராணுவத்துக்குப் போனவர்களின் கதை ஏன் தமிழில் கிட்டத்தட்ட இல்லை? வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போயிருப்பார்கள், ராணுவப்பேட்டை என்றே அந்த ஊருக்குப் பெயர். எங்கள் ஜில்லாவிலும் திருவண்ணாமலை ஜில்லாவிலும் அப்படி ஊர்கள் உண்டு. வேலையில் இருப்பவர்கள் அனுமதியில்லாமல் எழுதக் கூடாது என்பது விதி. வந்த பிறகு எழுதலாமே? வந்தவர்கள் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதுகிற நாம் அவர்களைத் தாண்டி ஏடிஎம்முக்குள் போய்விட்டு வருகிறோம். நானும்தான். அண்ணனிடம் நான் இதுவரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

கடைசியில் அண்ணனுக்கு நான் கொடுத்த புத்தகம் ப.சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. இளைய வாசகர்கள் பலரும் 'புயலிலே ஒரு தோணி'யைப் படித்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், தோணியின் ஒத்திகை என்று நினைத்து. சிங்கம்புணரிக்காரரான சிங்காரம் இளவயதில் மெடானுக்குப் போய், யுத்த காலத்தை அங்கேயும் பினாங்கிலும் கழித்து, 1946இல் திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். 1959இல் வந்த இந்த நாவலில் பாண்டியனின் ஜொலிப்பும் தமிழ் இலக்கியத்தைக் கிண்டல் செய்கிற நீண்ட உரையாடல்களும் இல்லை. செல்லையா என்கிற ஒரு கடைப் பையன் மட்டும் இருக்கிறான்.

பினாங்கில் வானாயீனா என்று அழைக்கப்படுகிற வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக் கடையில் வேலை பார்க்கிற செல்லையா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். பயிற்சியில் தேறுகிறான். நல்ல வீரன் ஆகிறான். யுத்தம் முடிந்து திரும்பி வருகிறான். வானாயீனாவின் மகள் மரகதம் அவனுக்குத்தான் என்று இருந்தது. இப்போது வானாயீனா கொடுக்க மாட்டேன் என்கிறார். காரணம் சாதி இல்லை, சொத்து இல்லை, ஒழுக்கக் குறைவும் இல்லை. துப்பாக்கி பிடித்தவன் கடைக்கு லாயக்கில்லை. நிமிர்ந்து நிற்கப் பழகியவன் கணக்கப்பிள்ளையாக வளைந்து உட்கார மாட்டான். முதலாளியின் பார்வையில் அது முழுக்க நியாயமான கணக்கு.

எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டானோ அதுவே அவனை மற்ற எல்லாவற்றிலிருந்தும் நிராகரிக்கிறது. சிங்காரம் பயிற்சி முகாமைக் காட்டி இதைச் சொல்லவில்லை. திரும்பி வந்தவன் முதலாளியின் முன்னால் நிற்கிற விதத்தை வைத்துச் சொல்கிறார். வானாயீனாவைக் கெட்டவராக்கவும் இல்லை. அவரும் பாசம் உள்ளவர், செல்லையாமேல் மரியாதை உள்ளவர். ஆனாலும் முடியாது. இந்த இடத்தில் கதவு கடைசியாக ஒருமுறை திரும்புகிறது. போகும்போது திறந்திருந்த கதவு, வரும்போது வீட்டுப் பக்கம் சாத்தியிருக்கிறது. காதல் தோல்விக் கதை என்று இதைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் நாவலின் பாதியை வெளியே விட்டுவிடுகிறார்கள். மரகதம் வரும் பகுதிகளில் நாவல் கொஞ்சம் பழைய சினிமா மாதிரி ஆகிவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வானாயீனாவும் செல்லையாவும் எதிரெதிரே வருகிற இடங்களில் அப்படி இல்லை.

ஆனால் இதுவும் தேறியவனின் கதை. நான் தேடியது கிடைக்கவில்லை. பையனிடம் அப்படியே சொன்னேன். "நீங்களே எழுத வேண்டியதுதான சித்தப்பா" என்றான். எனக்குத் தெரியாதே என்றேன். "அப்பாவுக்கும் தெரியாதே, போய்ட்டு முட்டி வலின்னு வந்துட்டாரே" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவனிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொன்னேன். 2013 ஜூலையில் இங்கிலாந்தின் எஸ்ஏஎஸ் படைக்கான தேர்வின்போது, வேல்ஸில் இருக்கும் பிரெகன் மலைகளில், அந்த ஊருக்கு அபூர்வமான வெயிலில், முதுகில் இருபது கிலோவுக்கு மேல் சுமையோடு சுமார் 26 கிலோமீட்டர் நடைக்குப் போன மூன்று பேர் வெப்பம் தாங்காமல் இறந்தார்கள். விசாரித்த அதிகாரி, கவனக்குறைவு என்று தீர்ப்பு எழுதினார். அவர்களுக்கும் கதவு திறந்துதான் இருந்தது. எந்தக் கணத்திலும் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அவ்வளவு தூரம் அவர்கள் நல்ல வீரர்கள். பையன் கொஞ்ச நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நம்ம ஊர் வெயிலுக்கு அவனுங்க தாங்க மாட்டானுங்க" என்றான்.

அண்ணன் இப்போது ஏரிக்கரையில் காலையில் பத்துப் பன்னிரண்டு பையன்களை ஓடவிடுகிறார். காசு வாங்குவதில்லை. ஆயிரத்து அறுநூறு மீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால் அக்னிவீருக்கு அறுபது மதிப்பெண், போலீஸ் என்றால் ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு ஏழு நிமிஷம். நாலு வருஷம் முடிந்ததும் நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மிச்சப் பேர் வீட்டுக்கு. இருபத்தோரு வயசில், இருபத்திரண்டு வயசில். தேறியவர்களிலிருந்தே தேறாதவர்களை உண்டாக்குகிற ஏற்பாடு அது. அந்தப் பையன்கள் திரும்பி வரும்போது ஒவ்வொரு ஊரிலும் நாலைந்து செல்லையாக்கள் இருப்பார்கள், வானாயீனாக்களும் இருப்பார்கள். அதைப் பற்றி யாராவது நாவல் எழுதினால் நான் முதல் பிரதி வாங்குவேன்.

புத்தகத்தைக் கொடுத்துப் பத்து நாள் இருக்கும். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு அண்ணன் போன் செய்தார். பின்னால் விசில் சத்தமும் பையன்கள் மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்டது.

"படிச்சிட்டேன்டா. நல்லாருக்கு. அந்த ஆளு பொண்ணு தர மாட்டேன்னது கரெக்ட்தான்."

"ஏண்ணா?"

"இவன் வந்ததுக்கு அப்புறம் காலைல எத்தினி மணிக்கு எழுந்திருப்பான்? அதச் சரியா எழுதலியேடா அவுரு. வேல ஒண்ணும் இல்ல, யாரும் எழுப்ப மாட்டாங்க. ஆனா நாலு மணிக்கு முழிப்பு வந்துரும். எழுந்து இன்னா பண்றதுன்னு தெரியாது. ஒரு மணி நேரம் வாசல்ல சும்மா உக்காந்திருப்பான். வூட்ல எல்லாம் தூங்கிக்கினு இருக்கும். அத எழுதணும்டா."

நான் எதுவும் சொல்வதற்குள் யாரையோ பார்த்து, "டேய், கைய இடுப்புல வைக்காத, நிக்காத, நட, நட" என்று கத்தினார். பிறகு போனில், "உன் புள்ள இன்னிக்கு அஞ்சு நாப்பத்தி ரெண்டு" என்றார். என் பையன் இல்லை, அவர் பையன்தான். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.